அங்கன்வாடிக்கு எவ்வளவு? போனிலேயே பாருங்க

சோரியாங்குப்பத்தில் ஒரு அங்கன்வாடி, 25 பிள்ளைங்க என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையின் ஊட்டச்சத்து உணவுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய். இது 2017இல் மத்திய அரசு நிர்ணயித்த தொகை. வருஷத்துக்கு 300 நாள் கணக்கில் 60,000 ரூபாய். ஒரு டீ விலைகூட இல்லையேன்னு தோணுதா? தோணணும்.

யாரைக் கேட்பது? 2006இல் நாம் தேர்ந்தெடுத்த கொம்யூன் பஞ்சாயத்து உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011இலேயே முடிந்துவிட்டது. ஆகவே சட்டமன்றம்தான் வழி. புதுச்சேரியில் 30 தொகுதிகள். தொகுதி சின்னது, எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

கையில் கணக்கோடு போங்க. பட்ஜெட் ஆவணத்தை போனில் இறக்கி, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் மானியக் கோரிக்கையைத் தேடுங்க. போன வருஷ மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இந்த வருஷ மதிப்பீடு என்று எண்கள் இருக்கும். நடுவில் உள்ளதை யாரும் பார்ப்பதில்லை, விஷயமே அதில்தான். அது குறைந்திருந்தால், ஒதுக்கிய பணம் முழுசா பிள்ளைகளுக்குப் போகவில்லை என்று சந்தேகப்படலாம்.

மத்திய பட்ஜெட்டில் 2008-09 முதல் குழந்தைகளுக்கென்றே தனி அறிக்கை வருகிறது. அதையும் ஒப்பிட்டுப் பாருங்க. காரணம் தெரியணுமா, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. 30 நாளில் பதில் தரணும். பதில் வந்ததும் அம்மாமார் நாலு பேர் சேர்ந்து, ஒரே கோரிக்கையை ஒரே பக்கத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னாடியே எம்.எல்.ஏ.விடம் கொடுங்க.