பத்திரமும் பதிவும்: இரு கரையிலும் சொத்துள்ளோர் அறிய வேண்டியவை

நம்மவரில் பலருக்கு இரண்டு கரையிலும் சொத்துண்டு. இக்கரையில் கெப்பாலா பத்தாஸிலோ பினாங்கு நகரிலோ ஒரு கடைவீடு. அக்கரையில் கடையநல்லூரிலோ இராமநாதபுரம் பக்கத்திலோ வாப்பா வைத்துப் போன வீடும் மனையும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282-ஆம் ஆயத்து நமக்குக் கட்டளையிடுகிறது. ஐந்து வெள்ளிச் சரக்கைக்கூடப் பேரேட்டில் பதியும் நாம், ஆயுள் முழுதும் உழைத்துத் தேடிய மனைக்கு என்ன எழுத்து இருக்கிறதென்று பாராமலிருப்பது முறையாகுமா?

முதலில் அறிய வேண்டிய பேதம்

இந்தியாவில் பதியப்படுவது பத்திரம். மலேசியாவில் பதியப்படுவது உரிமை. 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி அங்கே சப்-ரிஜிஸ்திரார் எழுத்தைப் பதிகிறாரேயன்றி, விற்றவருக்கு உண்மையில் உரிமை உண்டென்று சர்க்கார் ஜாமீன் நிற்பதில்லை. ஆகையால் வாங்குகிறவர்தாம் மூலப்பத்திரம் தொட்டு வரிசையாகப் பார்த்து, வில்லங்க சர்டிபிகேட்டும் பட்டாவும் சரிபார்க்க வேண்டும்.

பினாங்கிலும் முன்பு ஆங்கிலேயர் வழிப்படி பத்திர முறையே நடந்தது. 1966 ஜனவரி 1 முதல் தேசிய நிலச் சட்டம் அமலாகி, அது மாறிற்று. இம்முறை 1858-ல் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. பதிவேட்டில் எவர் பெயருண்டோ அவரே உடையவர். மோசடி, போலிக் கையெழுத்து போன்ற காரணமின்றி அப்பெயரை அசைக்க இயலாது. ஆகவே பணங்கொடுத்து ஒப்பந்தம் எழுதியதோடு நின்றுவிடலாகாது. 14-ஏ பாரம் பதிவாகிக் கிராண்டில் பெயர் ஏறினால்தான் நிலம் நம்முடையது. அதுவரை 19-பி பாரத்தில் கேவியட் போட்டு வைக்கலாம். அது 6 வருடம் நிற்கும்.

கடை வாடகைக்காரர் கவனிக்க

3 வருடத்திற்கு மேற்பட்ட குத்தகையை 15-ஏ பாரத்தில் பதிய வேண்டும். 3 வருடம் வரையுள்ள வாடகைக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் அதனைக் கிராண்டில் குறிப்பெழுதச் செய்யாவிட்டால், நாளை கடையை விலைக்கு வாங்குகிறவர் நம் வாடகை ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டவரல்லர். பத்து வருடம் பழகிய இடமாயினும் இதுவே கதி.

அக்கரைப் பத்திரங்களின் வகை

1. கிரயப் பத்திரம்: விலைக்கு விற்பது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட மனைக்குப் பதிவு கட்டாயம். எழுதிக் கையெழுத்திட்ட 4 மாதத்திற்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சர்வே எண், அளவு, நான்கெல்லை மூன்றும் ஒத்திருக்கட்டும்.

2. ஹிபா: கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றல், கையில் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் போதும், எழுத்தும் அவசியமில்லை. ஹிபாவை எழுதி வைத்தாலும் அதற்குப் பதிவு கட்டாயமில்லையென 2011-ல் இந்திய சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எனினும் பின்னால் வழக்கு வராதிருக்கப் பதிவு செய்வதே புத்தி. வீட்டை ஒப்படைக்காமல் காகிதம் மட்டும் எழுதினால் ஹிபா நிறைவேறாது.

3. ஒசியத்து: மௌத்துக்குப் பின் செல்லுவது. மூன்றிலொரு பங்குக்கு மேல் செல்லாது. வாரிசுக்கு எழுதுவதாயின் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

4. பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம்: முன்னது வாரிசுகள் பிரித்துக்கொள்வது, பின்னது ஒருவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது.

5. ஒத்தி, அடமானம்: கடனுக்கு ஈடு. ஒத்தி வீட்டில் வட்டிக்குப் பதிலாகக் குடியிருக்கலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

'பவர்' என்னும் அதிகாரப் பத்திரம்

இது சொத்தைக் கொடுப்பதன்று; நமக்காகக் காரியம் பார்க்க ஒருவரை ஏவுவது. பவர் மூலம் மட்டும் வீட்டை வாங்கியவருக்கு உரிமை வாராதென 2011-ல் அதே கோர்ட்டு உறுதியாகச் சொல்லிற்று. பொதுவாக, கொடுத்தவர் மௌத்தானால் பவரும் முடிந்தது. இங்கிருந்து எழுதி அனுப்புவோர் நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அதிகாரி முன்போ கையெழுத்திட்டு, அது இந்தியா சேர்ந்த 3 மாதத்திற்குள் ஸ்டாம்பு வரி கட்டிவிட வேண்டும். எந்தச் சொத்து, எந்தக் காரியம் என்று குறித்து எழுதுக. "எல்லாம் செய்யலாம்" என்று எழுதிக் கொடுப்பது, கல்லாச் சாவியைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

சகோதரிகளின் பங்கு

வாப்பா மௌத்தான வீட்டில், "ஒரு கையெழுத்துத்தானே, போடு புள்ளே" என்று சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பம் வாங்குவது நடக்கிறது. அவர்களுக்கு அல்லாஹ் வகுத்த பங்கு பராயிளில் இருக்கிறது. மனமார விட்டுக்கொடுத்தால் அது அவர்கள் இஷ்டம். ஆனால் அதில் எழுதியிருப்பது இன்னதென்று படித்துச் சொல்லி, பங்கின் மதிப்பையும் சொல்லிய பிறகே கேட்க வேண்டும். ரிஜிஸ்தர் கச்சேரியில் செல்லுபடியாகிய எழுத்து, மறுமையிலும் செல்லுபடியாகுமா என்று கையெழுத்து வாங்குமுன் யோசித்தல் நலம்.

சகோதரர்களே! இந்த வாரமே பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்தச் சொத்து எவர் பெயரில் இருக்கிறது, மூலப்பத்திரம் எங்கே, இன்னும் பெயர் மாறாதது எது என்று ஒரு தாளில் எழுதி, மனைவி மக்களுக்குத் தெரியும்படி வையுங்கள். சந்தேகமுள்ளதை வக்கீலிடம் காட்டுங்கள். நமக்குப் பின் வருவோர் சண்டையின்றி வாழ அதுவே வழியாகும், இன்ஷா அல்லாஹ்.