பொம்மைக்கு ஊசி போடும் குழந்தை: தடுக்காதீர்கள், கவனியுங்கள்!

"டாக்டர், பாப்பா ராத்திரியானா தூங்க மாட்டேங்கிறா. பகல் முழுக்க பொம்மைக்கு ஊசி குத்திக்கிட்டே இருக்கா. பார்க்கவே பயமா இருக்கு. தூக்கத்துக்கு ஏதாவது சூரணம் கொடுங்களேன்!"

இப்படிக் கேட்டபடி ஒரு தாய் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். மடியில் ஆறு வயதுப் பெண் குழந்தை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். இந்தக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயத்திலும் கோளாறு இருக்கும். இவளுக்கும் இருதயத்தில் ஓட்டை. நாலு மாதத்துக்கு முன் ஆபரேஷன் செய்து அடைத்திருந்தார்கள். காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை.

நான் சூரணம் எழுதவில்லை. இருதய டாக்டரின் மாத்திரைகளைச் சாப்பிட்டு வரும் குழந்தைக்கு, அவரைக் கேட்காமல் மூலிகை மருந்துகூடச் சேர்க்கக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை, தைராய்டு குறைவு இரண்டும் அதிகம். அவற்றை முதலில் பார்க்கச் சொன்னேன். இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகு, "அந்தப் பொம்மை எங்கே?" என்று கேட்டேன்.

"பரண் மேல தூக்கிப் போட்டுட்டேன் டாக்டர்."

"இறக்கிக் கொடுத்துடுங்கம்மா. இப்போதைக்கு அதுதான் மருந்து" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஊசி இப்போது யார் கையில்?

நமக்கு ஒரு கஷ்டம் வந்தால் என்ன செய்கிறோம்? அக்கம்பக்கத்தில், சொந்தபந்தத்தில் நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்கிறோம். பேச்சு சரியாக வராத குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்? பொம்மையிடம்தான்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு எதுவுமே அதன் இஷ்டம் இல்லை. நாலு பேர் கையைக் காலைப் பிடிக்கிறார்கள், ஊசி இறங்குகிறது. விளையாட்டிலோ ஊசி அவள் கையில்! எப்போது குத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை அவளே தீர்மானிக்கிறாள். தொண்டையைப் பார்த்த டாக்டரும் செய்த சிகிச்சையும் குழந்தையின் அடுத்த விளையாட்டாகிவிடும் என்று சிக்மண்ட் பிராய்டு 1920-லேயே எழுதியிருக்கிறார். நடந்ததைப் பட்டுக்கொண்டிருந்த குழந்தை, அதை நடத்துகிற குழந்தையாக மாறுகிறது. பயம் குறையும் வழி அது.

சாதாரணமாகக் குழந்தைகள் ஒன்றரை, இரண்டு வயதில் இந்தப் பாவனை விளையாட்டைத் தொடங்கும். காலி டம்ளரில் காபி குடிக்கும், செப்புச் சாமானில் சோறு ஆக்கும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு இது தாமதமாக வரும். ஆகவே வயதைப் பார்க்காமல் வளர்ச்சியைப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது குறைவாக இருக்கலாம். காரை ஓட்டாமல் வரிசையாக அடுக்கலாம். அதை வைத்து "இதுக்கு உணர்ச்சியே இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

கதவுக்குப் பின்னால் மரப்பாச்சி

அந்தத் தாயிடம் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னேன். விளையாட்டு எப்படி ஆரம்பித்தது, எப்படி முடிந்தது என்று தினமும் இரண்டே வரி.

மூன்று வாரம் ஒரே மாதிரிதான். ஊசி, பொம்மை அழுகை, மறுபடி ஊசி. ஆனால் ஒரு விஷயத்தை அவர் கவனித்து எழுதியிருந்தார். விளையாட்டு ஆரம்பிக்கும் முன் குழந்தை ஒரு மரப்பாச்சியைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறாள். அதைப் படித்துக் காட்டும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.

"ஐ.சி.யூ.வுல என்னை வெளியிலதான் நிக்கச் சொன்னாங்க டாக்டர். அந்த மரப்பாச்சி நான்தான்!"

"அம்மா எங்கேயும் போகலைன்னு இப்போ திருத்தாதீங்க. 'பாப்பாவுக்குப் பயமா இருக்கு போல, அம்மாவைத் தேடுது போல'ன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

ஐந்தாவது வாரம் பொம்மைக்குக் கட்டுப் போட்டாள். பிறகு சோறு ஊட்டினாள். ஒருநாள் மரப்பாச்சியை எடுத்து வந்து பொம்மை பக்கத்தில் படுக்க வைத்தாள். அந்தப் பக்கத்தில் தாய் இரண்டு வரி எழுதவில்லை, ஒரு வரிதான்: "இன்னிக்கு என்னை உள்ளே கூப்பிட்டுட்டா."

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெள்ளைக் கோட்டைக் கண்டால் இன்னும் அழுகிறாள். ஆனால் ராத்திரி தூங்குகிறாள்.

எல்லா விளையாட்டும் ஆற்றுமா?

ஆற்றாது. 1976-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சவ்சில்லா என்ற ஊரில் 26 குழந்தைகளைப் பள்ளி பஸ்ஸோடு கடத்திப் போனார்கள். எல்லாரும் உயிரோடு தப்பிவிட்டார்கள். அவர்களைப் பின்னாளில் ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், சில குழந்தைகள் அதே பயத்தைத் திரும்பத் திரும்ப விளையாடியும் நிம்மதி அடையவில்லை என்று கண்டார். ஆகவே விளையாட்டு பயங்கரமாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அதன் முடிவு மாறுகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. தினமும் இருபது நிமிடம் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். டி.வி., செல்போன் வேண்டாம்.

2. பொம்மை, துணி, காலி டப்பா, ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு போதும். விலை உயர்ந்த சாமான் தேவையில்லை.

3. கதையைக் குழந்தை நடத்தட்டும். கூப்பிட்டால் மட்டும் சேருங்கள். "பொம்மைக்கு வலிக்கும், பாவம்" என்று உபதேசம் வேண்டாம்.

4. பொம்மையை அடித்தால் விடுங்கள். தன்னையோ தம்பி தங்கையையோ அடித்தால் அமைதியாகக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

5. தேற்றுவது, கட்டுப் போடுவது, வீட்டுக்கு அழைத்துப் போவது என்று கதை நகர்ந்தால் மனம் ஆறுகிறது என்று அர்த்தம்.

ஒரு மாதமாகியும் விளையாட்டு மாறவில்லை, விளையாடிய பின் குழந்தை இன்னும் மிரள்கிறது, சாப்பாடு குறைகிறது, வந்த பேச்சும் போகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிறப்புக் குழந்தைகளுக்கென்றே ஆரம்பநிலை சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, விசாரியுங்கள்.

இன்று சாயங்காலமே பரண் மேல் கிடக்கும் பொம்மையை இறக்கிக் கொடுங்கள். குழந்தை வாயால் சொல்லத் தெரியாததை அதனிடம் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நீங்கள் இருந்தால் போதும்.