ஒரே நீர், இரு புதினங்கள்

நுழையும்முன்

நல்ல புதினம் ஒன்றைப் படித்து முடித்ததும் அதனை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று மனம் விழைகிறது. அவ்வாறு சொல்வதற்கும் பயிற்சி வேண்டும். பிறர் சொல்லக் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். தேனி மாவட்டத்தின் நீரைப் பேசும் இரு புதினங்களை முன்வைத்து, வாசகர் தம் கருத்தை எவ்வாறு உருவாக்கிக்கொள்ளலாம், எவ்வாறு பிறருடன் பகிரலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வாசகர் பேச்சு வளர்த்த இலக்கியம்

தமிழின் முதல் புதினமாகிய மாயூரம் வேதநாயகரின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்று தொடங்கிப் புதினங்கள் வளர்ந்தன. புதினங்களைப் பற்றிய பேச்சும் உடன் வளர்ந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தபோது, அடுத்த இதழுக்காகக் காத்திருந்த வாசகர்கள் தங்களுக்குள் வாதிட்டனர். ஆசிரியருக்குக் கடிதம் எழுதினர். கதை நிறைவுற்ற பின்னரும் மாந்தர்கள் பிற்பாடு என்ன ஆயினர் என்று கேட்டனர். அவ்வினாக்களை மதித்துக் கல்கி ஒரு முடிவுரையே எழுதினார். எழுதுபவர் பேச வாசகர் கேட்பது என்னும் ஒருவழிப் பாதையாகத் தமிழ்ப் புதினம் ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்கு இது சான்றாகும்.

வாசகராக இருந்து பிற வாசகருக்கு வழிகாட்டியவர்களுள் க.நா. சுப்ரமண்யம் குறிப்பிடத்தக்கவர். தாம் படித்துச் சிறந்தவை எனக் கருதிய நூல்களை அறிமுகப்படுத்தி அவர் எழுதிய கட்டுரைகள் 'படித்திருக்கிறீர்களா?' என்னும் நூலாயின. அந்தத் தலைப்பு ஒரு கட்டளை அன்று; ஓர் அழைப்பு. அவருடைய பட்டியலை ஏற்றவர்களும் இருந்தனர். கடுமையாக மறுத்தவர்களும் இருந்தனர். மறுப்பதற்காகவேனும் அந்நூல்களைத் தேடிப் படிக்க நேர்ந்தது. பரிந்துரையின் பயன் உடன்பாட்டில் மட்டும் இல்லை என்பதை இது உணர்த்துகிறது.

மேற்கே ஓர் அணை, கிழக்கே ஓர் அணை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என விரிந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. நெல் வயல்களும் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த இப்பள்ளத்தாக்கின் செழிப்பு, மலைக்கு அப்பாலிருந்து வரும் நீரால் விளைந்தது. மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து சுரங்கவழி அமைத்துக் கிழக்கே திருப்பினார்கள். பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887இல் தொடங்கிய அப்பணி 1895இல் நிறைவுற்றது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தின் நினைவு அப்போது ஆறாமல் இருந்தது. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் நிலமாக உள்ளது. பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் உழவர்கள் பொங்கலிட்டு அவரை நினைவுகூர்கின்றனர். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் உள்ளது.

பள்ளத்தாக்கைக் கடந்த அந்நீர் வைகையில் சேர்ந்து, ஆண்டிபட்டிக்கு அருகிலுள்ள வைகை அணையை அடைகிறது. 71 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கும் அவ்வணை 1959இல் திறக்கப்பட்டது. அது மதுரைச் சீமைக்குப் பாசன நீரும் குடிநீரும் தந்தது. ஆனால், அணை எழுந்த இடத்தில் ஊர்கள் இருந்தன. வீடுகளும் கிணறுகளும் களத்துமேடுகளும் குலசாமிக் கோயில்களும் நீருக்குள் மறைந்தன. அங்கு வாழ்ந்தோர் பெயர்ந்து சென்றனர்.

ஓர் அணை கட்டப்பட்ட கதை. மற்றோர் அணைக்காக ஊர் இழந்த கதை. இவ்விரண்டும் புதினங்களாகியுள்ளன.

இரு புதினங்கள்

வைரமுத்து எழுதிய 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆனந்த விகடனில் தொடராக வந்து 2001இல் நூலாயிற்று. 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. வைகை அணைக்காக ஊரை இழந்த குடும்பத்தில் பிறந்தவர் அதன் ஆசிரியர். வானம் பார்த்த பூமியில் உழைத்து ஓய்ந்த பேயத்தேவர் என்னும் முதியவரே கதையின் நடுநாயகம். கிணறு வெட்டுவது முதல் ஆடுமாடு பேணுவது வரை, அம்மண்ணின் வாழ்வில் ஒவ்வொரு தொழிலும் அதில் விரிகிறது.

அ. வெண்ணிலா எழுதிய 'நீரதிகாரம்' என்னும் புதினமும் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்ததே. பஞ்சத்தில் வாடிய மக்களையும் பெரியாற்று அணையைக் கட்டியெழுப்பிய முயற்சியையும் அது விரிவாகப் பேசுகிறது. முன்னதில் நீர் இழப்பைக் கொணர்கிறது. பின்னதில் நீர் நம்பிக்கையைக் கொணர்கிறது.

இரு வாசகர், இரு கருத்து

கூடலூர் மாணவி ஒருத்தியும் ஆண்டிபட்டி மாணவன் ஒருவனும் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' பற்றிப் பேசுவதாக எண்ணிப் பார்ப்போம்.

"அணை கட்டியதை ஏன் இவ்வளவு துயரமாகச் சொல்ல வேண்டும்? பெரியாற்று அணை வந்ததால்தானே எங்கள் தாத்தா காலத்தில் வீட்டில் நெல் நிறைந்தது?" என்று அவள் கேட்கிறாள்.

"உங்கள் வீட்டில் நெல் நிறைந்தது. எங்கள் பூட்டனார் வீடு அணைக்குள் கிடக்கிறது. கோடையில் நீர் வற்றினால் எங்கள் அப்பத்தா அந்தப் பக்கமே பார்க்க மாட்டார்" என்கிறான் அவன்.

இருவர் சொல்வதும் உண்மையே. எனினும் இருவரும் இன்னும் புதினத்தைப் பற்றிப் பேசத் தொடங்கவில்லை. தத்தம் குடும்பத்தைப் பற்றியே பேசுகின்றனர். மண்ணை அறிந்த வாசகருக்கு ஒரு வலிமை உண்டு. புதினத்தில் வரும் வட்டாரச் சொல் சரியா, பயிரின் பருவம் சரியா என்பதை அவரால் நொடியில் சொல்ல முடியும். அவ்வலிமையே தடையாகவும் மாறலாம். 'எங்கள் ஊரில் இப்படி இல்லை' என்னும் ஒற்றை வரியோடு அவர் நூலை மூடிவிடக்கூடும்.

அவள் இப்போது வேறொரு வகையில் கேட்கிறாள்: "அணையால் பயன் பெற்றவர்களின் குரல் இந்தக் கதையில் எங்கே ஒலிக்கிறது? ஒலிக்கவில்லை என்றால் அது குறையா, ஆசிரியரின் தேர்வா?" அவன் விடை தேடிப் புதினத்தை மீண்டும் புரட்டுகிறான். பேயத்தேவரின் பார்வை எட்டும் தொலைவுக்குள்ளேயே கதை பெரிதும் நடக்கிறது என்பதைக் காண்கிறான். "அவருக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான், மதுரை வயல்கள் அவர் கண்ணுக்கு எட்டாதவை" என்று விடை தருகிறான். இங்கேதான் இலக்கிய உரையாடல் தொடங்குகிறது. வினாவுக்கும் விடைக்கும் இடையே நூல் வந்து அமர்ந்துவிட்டது.

பின்னர் அவன் 'நீரதிகார'த்தை அவளிடமிருந்து பெற்றுச் செல்கிறான். அணை என்றாலே இழப்பு என்று கேட்டு வளர்ந்தவன், ஒரு குவளை நீருக்கு ஏங்கிய தலைமுறையை அதில் சந்திப்பான். அவளும் பேயத்தேவரோடு சிறிது தொலைவு நடந்து வருவாள். இருவர் வீட்டுக்கும் வருவது ஒரே நீர்தான். அந்நீரின் மற்றொரு கரையை இருவருக்கும் காட்டுபவை புதினங்கள்.

விருப்பமும் மதிப்பீடும்

'எனக்குப் பிடித்தது' என்பது விருப்பம்; அதற்குச் சான்று வேண்டியதில்லை. 'இது சிறந்த புதினம்' என்பது மதிப்பீடு; அதற்குச் சான்று வேண்டும். 'சூப்பர்', 'போர்' என்னும் சொற்களால் பேசுபவரின் மனநிலையை அறியலாம்; புதினத்தை அறிய இயலாது.

'கள்ளிக்காட்டு இதிகாச'த்தின் நடையை எடுத்துக்கொள்வோம். ஒரு கவிஞரின் உரைநடை என்பதால் உவமைகளும் உணர்ச்சியும் அதில் செறிந்துள்ளன. இந்நடையே எளிய மக்களின் வாழ்வைக் காவிய உயரத்திற்கு எடுத்துச் செல்கிறது என்பார் ஒருவர். நடையின் அழகு சில இடங்களில் காட்சியை மறைக்கிறது என்பார் மற்றொருவர். இரண்டும் ஏற்கத்தக்க கருத்துகளே. எந்தக் காட்சி, எந்த உரையாடல், எந்த உவமை என்று சுட்டிக்காட்டும்போதே அவை மதிப்பீடுகளாக உயர்கின்றன.

புதினத்தையும் வரலாற்றையும் பிரித்தறிவதும் தேவை. பென்னிகுவிக் தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்னும் செய்தி பள்ளத்தாக்கில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதற்கு ஆவணம் உண்டா என்று தேடுவது வரலாற்று மாணவரின் கடமை. மக்கள் ஏன் அவ்வாறு சொல்ல விரும்புகின்றனர் என்று சிந்திப்பது இலக்கிய வாசகரின் கடமை. முதல் வினாவுக்கு விடையாகப் புதினத்தைக் காட்டக் கூடாது. இரண்டாம் வினாவுக்குப் புதினத்தைப் போல் விடை தருவது வேறில்லை.

பரிந்துரை என்னும் பொறுப்பு

நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலையும் ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரையும் பற்றியவை. பரிந்துரைப்பவர் செய்வதும் இந்த இணைப்பையே. எனவே நூலை அறிந்தால் மட்டும் போதாது. கேட்பவரையும் அறிய வேண்டும்.

தாயோ தந்தையோ பஞ்சாலையில் பணிபுரியும் நண்பருக்குத் தேனி எழுத்தாளர் ம. காமுத்துரையின் 'மில்' புதினத்தைத் தரலாம். பார்வையற்றோரின் உலகை அறிய விரும்புபவருக்குத் தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்' புதினத்தைத் தரலாம். நீண்ட நூலைக் கண்டு தயங்குபவரிடம் முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் படித்துப் பார்க்கச் சொல்லலாம்.

பரிந்துரைக்கும்போது மனத்திற்கொள்ள வேண்டியவை சில:

1. கதையின் களத்தையும் சிக்கலையும் சொல்லலாம். முடிவைச் சொல்லக் கூடாது. பேயத்தேவருக்கு இறுதியில் என்ன நேர்ந்தது என்பதை இப்பாடமும் சொல்லவில்லை.
2. நம்மைப் பாதித்த ஓர் இடத்தையேனும் குறிப்பாகச் சுட்ட வேண்டும்.
3. நாம் கண்ட குறையை மறைக்கக் கூடாது. குறையையும் சேர்த்துச் சொல்பவரின் பாராட்டே நம்பப்படும்.
4. விருது பெற்றது என்பது ஒரு செய்தி. அதுவே படிப்பதற்கான காரணம் ஆகிவிடாது.
5. கேட்டவர் நம் கருத்தை ஏற்காவிட்டால், அவர் எந்த இடத்தில் வேறுபடுகிறார் என்று கேட்டு, அவ்விடத்தை மீண்டும் படிக்க வேண்டும்.

நிறைவாக

நீர்ப் பங்கீடு குறித்து ஊருக்கு ஊர், மாநிலத்திற்கு மாநிலம் கருத்து வேறுபாடுகள் நிலவும் காலம் இது. எதிர்த்தரப்பில் இருப்பவரும் தாகமும் அச்சமும் உடைய மனிதரே என்பதை வாதங்கள் மறக்கச் செய்கின்றன, புதினங்கள் நினைவூட்டுகின்றன. எனவே, நமக்கு உடன்பாடான நூலை நண்பருக்குத் தருவதோடு, நம் நம்பிக்கையை அசைத்துப் பார்க்கும் நூலையும் அவரிடம் கேட்டுப் பெறுவோம். கொடுப்பது போலவே பெறுவதும் வாசகரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நூலகத்திலுள்ள புதினம் ஒன்றைப் படித்து, முடிவைச் சொல்லாமல் நூறு சொற்களில் பரிந்துரைக் குறிப்பு எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டுக.
2. ஒரே புதினத்தைப் படித்த இருவர் எதிரெதிர்க் கருத்துகளை நூலிலிருந்து சான்று காட்டி வகுப்பில் உரையாடுக.
3. உங்கள் ஊர் நீர்நிலை தோன்றிய வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதுக. அதில் ஆவணச் செய்தி எது, வழிவழிச் செய்தி எது எனப் பிரித்துக் காட்டுக.

குறுவினா

1. விருப்பத்திற்கும் மதிப்பீட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'பொன்னியின் செல்வன்' முடிவுரை எழுதப்பட்டதன் காரணம் என்ன?

சிறுவினா

மண்ணை அறிந்திருப்பது வாசகருக்கு வலிமையாகவும் தடையாகவும் அமைவதைச் சான்றுடன் விளக்குக.

நெடுவினா

'ஒரே நீரின் இரு கரைகளைக் காட்டுபவை புதினங்கள்' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.