வாச்சியா, கத்தரியா, பேட்டரியா?

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரின் பெயரே ஒரு புதரிலிருந்து வந்தது. 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் புதரில் வாச்சி என்ற வெட்டுக்கருவியைப் போட்டபோது, உள்ளே மறைந்திருந்த லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் கசிந்தது என்கிறது தலபுராணம். வாச்சியின் வெட்டு வாங்கியதால் இறைவனுக்கு வாசீஸ்வரர் என்று பெயர். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் இது. உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் கருவியை ஓங்குவது, ஆக, இந்த ஊருக்குப் பழைய கதை.

இப்போது இந்தப் பக்கத்தில் வேலி என்றால் துரந்தா, இட்லிப்பூ, செம்பருத்தி. புதிய மனைப்பிரிவுகளில் வாசலோரம் பத்துப் பதினைந்து அடி இருக்கும். காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களில் ஆலை மதிலை ஒட்டி நூற்றுக்கணக்கான அடி போகும். ஒரு மழை பெய்தால் எல்லாம் தலைவிரித்து நிற்கும். வெட்டுவதற்கு மெஷின் கேட்டுப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது வோல்ட் கணக்கு. முதலில் பார்க்க வேண்டியதோ செடியின் தண்டு.

வீட்டு உபயோக ட்ரிம்மர்களில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பெரும்பாலும் 15 முதல் 20 மில்லிமீட்டர் இடம் இருக்கும். துரந்தாவின் இளந்தண்டு பென்சில் கனம்தான், சரசரவென்று போகும். இடைவெளியில் நுழையாத தண்டை எத்தனை வோல்ட் மெஷினும் வெட்டாது. மூன்று வருடம் கவனிக்காமல் விட்ட காகிதப்பூவுக்கும், முற்றிய கிளுவை வேலிக்கும், மூங்கிலுக்கும் அரிவாளும் கைரம்பமும்தான் சரி.

பதினைந்து அடி வேலியை மாதம் ஒருமுறை வெட்டும் வீட்டுக்கு மெஷினே தேவையில்லை. நீளக் கைப்பிடி வைத்த வேலிக் கத்தரி போதும். அவ்வப்போது சாணை பிடித்தால் வருடக்கணக்கில் உழைக்கும். கரகரவென்று ஓடாததால்தானோ என்னவோ, அதை யாரும் மதிப்பதில்லை.

ஒயர் வைத்த மெஷின் விலை குறைவு, நிற்காமல் ஓடும். ஆனால் இலைக்குள் மறையும் தன் ஒயரைத் தானே கடித்துக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதை எடுக்கவே கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாளில்தான் தோட்டக்காரர் வருவார் என்பது தனிக் கதை.

பெட்ரோல் மெஷின், ஆலை மதிலோரம் நாள் முழுக்க வெட்டும் ஒப்பந்தக்காரருக்கு. ஐந்தாறு கிலோ எடை, புகை, 2டி ஆயில் கலக்கும் வேலை எல்லாம் உண்டு. இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் விட்டால் கார்புரேட்டர் மக்கர் பண்ணும்.

மற்ற வீடுகளுக்குப் பேட்டரிதான் பொருத்தம். குழப்பமும் அங்கேதான். ஒரு அட்டையில் 18 வோல்ட், இன்னொன்றில் 20 வோல்ட் மேக்ஸ், இரண்டும் ஒன்றே. உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் தொடராக இருக்கின்றன. செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட் என்றால் மொத்தம் 18. சார்ஜ் நிறைந்ததும் செல்லுக்கு 4.2, மொத்தம் 21. '88 வி.எஃப்.' என்று அச்சடித்து மலிவாக வருபவற்றில் பலவற்றிலும் இதே ஐந்து செல்தான். மல்டிமீட்டர் வைத்தால் குட்டு வெளிப்படும்.

கேட்க வேண்டியது ஆம்பியர்-மணி. 18 வோல்ட்டை 2 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 36 வாட்-மணி. 4 என்றால் 72. ஒரு யூனிட் மின்சாரத்தில் சின்னப் பேட்டரியை இருபது தடவையாவது நிரப்பலாம். செலவெல்லாம் பேட்டரியின் விலையில்தான். மகிதா பேட்டரி பாஷில் ஏறாது. வீட்டில் டிரில் எந்தக் கம்பெனியோ, அதே கம்பெனியில் பேட்டரி இல்லாத ட்ரிம்மரை மட்டும் வாங்கினால் பணம் மிச்சம்.

திருத்தணி, திருவள்ளூர் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரி சாதாரணம். பல கையேடுகள் சார்ஜ் செய்யத் தரும் உச்ச வரம்பும் அதையொட்டித்தான் இருக்கிறது. வெயிலில் வெட்டிய சூட்டோடு சார்ஜரில் மாட்டாமல், அரைமணி நிழலில் ஆறவிட வேண்டும். வேலையில்லாத மாதங்களில் பாதி சார்ஜோடு கழற்றி வைப்பது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த பேட்டரியைக் காயவைத்துச் சார்ஜ் போட்டுப் பார்ப்பது விபரீதம். உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

வெட்டுமுன் ஒரு நீளக் கம்பால் வேலியைத் தட்டிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. உள்ளே பழைய முள்கம்பி, கட்டுக்கம்பி, கேபிள் ஒயர், குளவிக்கூடு, சில நேரம் விரியன்கூட இருக்கலாம். இலைகளைச் சேர்த்துத் தைத்த தையல்சிட்டின் கூடு தென்பட்டால், குஞ்சு பறக்கும்வரை அந்த இடத்தை விட்டுவிடலாம். அரளி, திருகுக்கள்ளி வேலியென்றால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பெரும்பாலான ட்ரிம்மர்களில் இரு கையும் பிடித்தால்தான் பிளேடு ஓடும். ஒற்றைக் கையால் எட்டி வெட்ட ஆசைப்பட்டு, ஒரு சுவிட்சை டேப் சுற்றி அமுக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். சுவிட்ச் காப்பாற்ற இருந்த விரலை அந்த டேப் காவு கொடுக்கிறது. குச்சி சிக்கினால் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும், பிறகுதான் கை. தொங்கும் துப்பட்டா, அவிழும் வேட்டி, ரப்பர் செருப்பு, மழை ஈரம், சாய்த்த ஏணி எதுவும் இதற்கு ஒத்துவராது. பக்கங்களைக் கீழிருந்து மேலாக வெட்டி, உச்சியைச் சற்றுக் குறுக்கினால் அடியிலும் வெயில் பட்டு இலை தழைக்கும்.

வேலை முடிந்ததும், பேட்டரியை எடுத்துவிட்டு, பிசினைத் துணியால் துடைத்து, பிளேடில் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டால் போதும். குழாயடியில் கழுவினால் மோட்டார் போகும்.

உயிர்போன பேட்டரி குப்பைத்தொட்டிக்கோ பழைய இரும்புக்கடைக்கோ போகக் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு. பழையதை எங்கே கொடுப்பது என்று வாங்கும்போதே கேட்டு, பில்லின் பின்பக்கம் குறித்துக்கொள்ளலாம். கொண்டுபோகும் நாளில் அதன் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்ட வேண்டும்.