‘ஆல்’ உருபும் ஆங்கிலச் செயப்பாட்டு வினையும்

செயப்பாட்டு வினைக்குப் பின் ‘பை’ வருமென்று பள்ளியிற் கற்ற விதியை நம்பி, ‘ஆல்’ உருபு கண்டவிடமெல்லாம் அச்சொல்லையே நாம் பெய்து விடுகின்றோம். பிழை அங்கேதான் பிறக்கின்றது. நன்னூலார் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா இரண்டனையும் பொருளாக வைத்தார். ஆதலின் ‘பகைவனால் வெட்டப்பட்டான்’, ‘வாளால் வெட்டப்பட்டான்’ என ஓருருபே நமக்குப் போதும். ஆங்கிலத்தாரோ பகைவனுக்குப் ‘பை’யும், கையிலுள்ள வாளுக்குப் பெரும்பாலும் ‘வித்’தும் வைப்பர். இடியால் மாண்டவனுக்கு இடியே கருத்தாவாய்ப் ‘பை’ பெறும். இவ்வழக்கும் நிலைத்ததன்று. 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், இயேசு யோவானால் ஞானஸ்நானம் பெற்றதைக் கூறுமிடத்து ‘ஆஃப்’ நிற்கின்றது. இன்று அவ்விடத்துக்குரியது ‘பை’யே.

‘நோன்’ என்னுஞ் சொல்லிடத்து மிக்க விழிப்பு வேண்டும். ஒருவர் ஈகைக்கு ‘நோன் ஃபார்’ என்றால் அது புகழ். போலீசாருக்கு ‘நோன் டு’ என்றாலோ குற்றவாடை வீசும். நற்சான்று வேண்டி விண்ணப்பிக்கும் நண்பர்கள் கவனிப்பாராக!

‘லாஃப்ட் அட் பை’ என இரண்டு இடைச்சொற்கள் அடுத்து நிற்கக் கண்டு, ஒன்று மிகையென நாம் அடித்துவிடுவதுண்டு. ‘அட்’ வினையின் உறுப்பு. ‘பை’ நகைத்தவரைச் சுட்டுவது. ‘லுக்ட் ஆஃப்டர் பை’ என்பதும் அவ்வாறே. ‘ஆஃப்டர்’ நீங்கின், பேணுதல் என்னும் பொருளே போய்விடும்.