நகையை அடகு வைக்கும் முன்



உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லூரியில் படிக்கும் மகன் கஞ்சாவை விட முடியாமல் தவிக்கிறான். மூளைக்குக் காந்த சிகிச்சை கொடுத்தால் ஒரே மாதத்தில் மறந்துவிடுவான் என்று யாரோ சொன்னார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் அம்மா, இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் பயப்படுவதுபோல அந்தக் காந்த சிகிச்சை ஷாக் வைப்பது அல்ல. மயக்க மருந்து கிடையாது, கத்தியும் படாது. 8 வடிவக் கம்பிச்சுருள் ஒன்றைத் தலைமேல் வைத்து மெல்ல நகர்த்துவார்கள். ஓரிடத்தில் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான் ஆளுக்கு ஆள் காந்த விசையின் அளவை முடிவு செய்கிறார்கள். பிறகு சுருள் இடது நெற்றிக்கு மேலே போகும். ஆசை வரும்போது நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது. மரங்கொத்தி கொத்துவதுபோல 'டக் டக்' என்று தட்டும். அந்தச் சத்தத்துக்காகக் காதை அடைத்துவிடுவார்கள். வலிப்பு வந்தவர்களும் தலைக்குள் உலோகம் வைத்திருப்பவர்களும் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும்.

மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008-லேயே அனுமதி கிடைத்த சிகிச்சை இது. சிகரெட்டை விடுவதற்கு 2020-ல் கிடைத்தது. அந்த சிகரெட் ஆய்வில் 262 பேர் சேர்ந்தார்கள். நிஜ சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 19 பேர் விட்டார்கள். போலிச் சிகிச்சையில் 9 பேர். இரண்டு மடங்கு என்பது சின்ன விஷயமில்லை. ஆனாலும் நூற்றுக்கு எண்பது பேரால் விட முடியவில்லை. அதுவும் வெறும் இயந்திரத்தால் மட்டும் நடந்ததல்ல, கூடவே ஆலோசனைப் பேச்சும் இருந்தது.

கஞ்சாவுக்கு அந்த அளவு சான்றும் இன்னும் சேரவில்லை. அமெரிக்காவில் 72 பேருக்கு 20 முறை கொடுத்துப் பார்த்த ஆய்வில், போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட ஏக்கம் அதிகமாகக் குறைந்துவிடவில்லை. கஞ்சா தொடாத வாரங்கள் மட்டும் பின்னால் சற்றுக் கூடின. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால், அடகுக் கடைக்குப் போகும் அளவுக்கு அது போதாது.

இன்றைக்குக் கைகொடுப்பது மனநல மருத்துவரோடு தொடர்ந்து பேசுவதுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கஞ்சாவை விட்ட முதல் வாரம் மகனுக்குத் தூக்கம் வராது, எரிந்து விழுவான், தட்டைத் தள்ளிவிடுவான். அப்போது சண்டைக்குப் போகாதீர்கள். போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446. முதலில் நீங்களே கூப்பிடுங்கள். அவனை அப்புறம் பேசவைக்கலாம்.