ஸ்மார்ட் டிவியா, தனி ஸ்டிக்கா? முக்கியக் குறிப்புகள்

(அறிவியல் தொழில்நுட்பம், நடப்பு நிகழ்வுகள் இரண்டு பகுதிக்கும் பயன்படும். டிவி வாங்கப் போகிறவர்களுக்கும் உதவும்.)

அடிப்படை

• டிவி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு பொருள். ஒன்று பேனல், அதாவது படம் தெரியும் பலகை. இன்னொன்று அதன் முதுகில் இருக்கும் சிறிய கணினி: பிராசசர், ரேம், சேமிப்பகம், இயங்குதளம். நல்ல பேனல் பத்து வருடம் உழைக்கும். விலை குறைந்த டிவியில் அந்தக் கணினி நாலைந்து வருடத்திலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். கீழே வருவதெல்லாம் இந்த ஆயுள் வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

• எங்கள் வீட்டு டிவி 2018ல் வாங்கியது, 43 அங்குலம். படம் இன்றைக்கும் முதல் நாள் போலவே இருக்கிறது. ஆனால் ஆப் பட்டனை அழுத்திவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வருவார். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். போன வருடம் ஓர் ஓடிடி ஆப் 'இந்தச் சாதனத்தில் இனி இயங்காது' என்று கைவிரித்துவிட்டது. ரேம் 1 ஜிபி, சேமிப்பகம் 8 ஜிபி. அந்த விலைக்கு அன்று கிடைத்தது அதுதான். டிவியை மாற்றவில்லை, ஆப்களை ஓட்டும் சிறு தனிக் கருவியான ஸ்டிக் ஒன்று வாங்கி மாட்டினோம். இந்தக் குறிப்புகளை எழுதத் தூண்டியதும் அந்த ஸ்டிக்தான்.

• ஸ்டிக், டாங்கிள், பாக்ஸ் என்று பெயர் எதுவானாலும் டிவியோடு சேர்வது எச்டிஎம்ஐ போர்ட் வழியாக. எச்டிஎம்ஐயின் முதல் வரையறை வெளியான ஆண்டு 2002.

• 2006க்குப் பின் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி படக்குழாய் வகை. அதில் எச்டிஎம்ஐ கிடையாது, ஸ்டிக்கை நேரடியாகச் செருக முடியாது.

• 4கே என்றால் 3840 × 2160 புள்ளிகள். காப்புரிமை உள்ள 4கே படம் ஸ்டிக் வழியே ஓட, டிவியின் போர்ட் எச்டிசிபி 2.2 என்ற காப்பு முறையை ஏற்க வேண்டும். பழைய 4கே டிவிகள் சிலவற்றில் ஒரே ஒரு போர்ட்டில்தான் அந்த வசதி இருக்கும். ஸ்டிக் மாட்டியும் படம் மங்கலாகத் தெரிந்தால் முதலில் போர்ட்டை மாற்றிப் பாருங்கள்.

• வைட்வைன்: கூகுள் 2010ல் வாங்கிய காப்பு மென்பொருள். எல்1 தரச்சான்று இருந்தால் உயர்தரப் படம். எல்3 மட்டும் இருந்தால் பெரும்பாலான ஓடிடிகள் 480 வரிகளுக்கு மேல் தராது, பேனல் 4கே ஆனாலும் சரி.

டிவிக்குள் இருக்கும் இயங்குதளங்கள்

இதில் சுவையான கதை வெப்ஓஎஸ்ஸுடையது. அது டிவிக்காகப் பிறந்ததே இல்லை. 2009ல் பாம் நிறுவனம் தன் செல்பேசிக்காகச் செய்தது. 2010ல் பாமை எச்பி வாங்கியது, 2011ல் டேப்லெட்டில் போட்டுப் பார்த்தது, எடுபடவில்லை. 2013ல் எல்ஜி அதை வாங்கி 2014ல் டிவியில் ஏற்றியது. செல்பேசியில் தோற்ற மென்பொருள் இன்று வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. பாம், எச்பி, எல்ஜி என்ற வரிசையைப் பொருத்துக வினாவுக்காக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

• டைசன்: லினக்ஸ் அடிப்படையிலானது. சாம்சங் டிவிகளில் 2015 முதல்.

• ஆண்ட்ராய்டு டிவி: 2014 ஜூனில் கூகுள் அறிவித்தது.

• கூகுள் டிவி: இங்கேதான் பலரும் வழுக்கி விழுவார்கள். 2010ல் இதே பெயரில் ஒரு திட்டம் வந்து நின்றுபோனது. 2020 செப்டம்பரில் வந்தது வேறு. அது ஆண்ட்ராய்டு டிவியின் மேல் போர்த்திய புதிய முகப்பு, தனி இயங்குதளம் அல்ல.

• ஃபயர் ஓஎஸ்: அமேசானுடையது, ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்திலிருந்து உருவானது. கூகுள் பிளே ஸ்டோர் இருக்காது. 2025 செப்டம்பரில் அமேசான் அறிவித்த வேகா ஓஎஸ் ஆண்ட்ராய்டே அல்ல, லினக்ஸ் அடிப்படையிலானது. வெளியிலிருந்து ஏபிகே கோப்பை இறக்கிப் போடும் பழக்கம் அதில் செல்லாது.

• ஜியோ டெலி ஓஎஸ்: ஜியோ 2025 பிப்ரவரியில் அறிமுகப்படுத்திய டிவி இயங்குதளம்.

தனிக் கருவிகள்: ஆண்டு வரிசை

ஆப்பிள் டிவி 2007, ரோக்கு 2008, குரோம்காஸ்ட் 2013, அமேசான் ஃபயர் டிவி 2014. காலவரிசைப்படி அடுக்கச் சொன்னால் இதே வரிசை.

• ரோக்குவின் பிறப்பு ஒரு முரண். நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களை டிவியில் காட்டச் சொந்தமாக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தது. வெளியீட்டுக்கு நெருங்கிய நேரத்தில் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் நிறுத்தினார். சொந்தப் பெட்டி விற்றால், நெட்ஃபிளிக்ஸைத் தங்கள் கருவிகளில் சேர்க்க வேண்டிய மற்ற கம்பெனிகள் போட்டியாளராகப் பார்க்குமே என்ற கணக்கு. திட்டம் ஆன்டனி வுட்டின் ரோக்குவுக்குப் போனது, 2008 மே மாதம் வெளிவந்தது. ரோக்கு என்றால் ஜப்பானிய மொழியில் ஆறு; அது வுட்டின் ஆறாவது நிறுவனம்.

• குரோம்காஸ்ட் வந்தபோது அமெரிக்க விலை 35 டாலர். 2024 ஆகஸ்டில் அந்தப் பெயருக்கே கூகுள் விடைகொடுத்து, கூகுள் டிவி ஸ்ட்ரீமரைக் கொண்டுவந்தது.

• ஃபயர் டிவி ஸ்டிக் இந்தியாவுக்கு வந்தது 2017 ஏப்ரலில், விலை 3,999 ரூபாய். இதைச் சென்னையில் தயாரிக்கப்போவதாக அமேசான் அறிவித்தது 2021 பிப்ரவரியில். செய்வது ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனமான கிளவுட் நெட்வொர்க் டெக்னாலஜி. தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிப் பகுதியிலும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

• ஆப்பிள் டிவி என்பது கருவியின் பெயர், ஒரு செயலியின் பெயர். 2025 அக்டோபரிலிருந்து ஆப்பிளின் ஓடிடி சேவைக்கும் அதே பெயர் (முன்பு ஆப்பிள் டிவி பிளஸ்). வினாவில் எதைச் சொல்கிறார்கள் என்று இரண்டு முறை படிக்கவும்.

யாருக்கு ஆயுள் கெட்டி?

'ஸ்டிக் என்றால் பிரச்சினையே இல்லை' என்று கடைக்காரர் சொல்வார். அப்படியில்லை. 2019 டிசம்பரில் பழைய சாம்சங் டிவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. அதே நேரத்தில் ரோக்குவின் தொடக்ககாலப் பெட்டிகளிலும் நின்றது.

2025 மார்ச்சில் நடந்தது இன்னும் வேடிக்கை. உலகெங்கும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரே நாளில் வேலை செய்ய மறுத்தன. கருவிக்குள் இருந்த பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பத்து வருட ஆயுள், அது முடிந்துவிட்டது. நம் ஊரில் ஓட்டுநர் உரிமம் காலாவதியாவது போல. கூகுள் சில நாட்களில் சரிசெய்தது. ஆனால் பொறுமையில்லாமல் ரீசெட் அடித்தவர்களுக்குத்தான் கூடுதல் தலைவலி. வன்பொருள் நன்றாக இருக்கும்போதே மென்பொருளால் ஒரு கருவி செத்துப்போகலாம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

வித்தியாசம் எங்கே என்றால், ஸ்டிக் செத்தால் சில ஆயிரம் ரூபாய். டிவியே 'பழசாகிவிட்டது' என்று சொன்னால் பல ஆயிரம்.

• அப்டேட் வாக்குறுதி: சாம்சங் 2024ல் டைசனுக்கு 7 ஆண்டுகள் என்றது. எல்ஜி 5 ஆண்டுகளில் 4 மேம்படுத்தல்கள் என்றது. பழைய மாடல்களுக்கெல்லாம் இது பொருந்தாது.

• பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு சேரும் பொருள்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்று சொல்லியே விற்க வேண்டும். நம் கடைகளில் நீங்களே கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

கண்காணிப்பு

ஏசிஆர் என்று சுருக்கிச் சொல்வதன் பொருள்: தானாகவே உள்ளடக்கத்தை அடையாளம் காணுதல். திரையில் ஓடும் படத்தின், ஒலியின் சிறு துணுக்குகளை டிவி எடுத்து, கைரேகை போல மாற்றி, சர்வரில் உள்ள பட்டியலோடு ஒப்பிடும். நீங்கள் பார்ப்பது சீரியலா, கிரிக்கெட்டா, என்ன விளம்பரம் என்று தெரிந்துவிடும்.

• டிவி நிறுவனமான விசியோ மீதான வழக்கு, 2017 பிப்ரவரி: 1.1 கோடி டிவிகளில் ஒப்புதலின்றிப் பார்வைத் தரவு திரட்டியதாக அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையமும் நியூஜெர்சி மாநிலமும் தொடுத்தது. 22 லட்சம் டாலருக்குச் சமரசமானது. 2024 டிசம்பரில் அந்த விசியோவை வால்மார்ட் 230 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. பெட்டிக்கு மட்டும் இவ்வளவு விலை கொடுத்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

• கூற்று: ஸ்டிக் மாட்டிவிட்டால் டிவி நம்மைக் கவனிப்பது நின்றுவிடும். விடை: தவறு. லண்டன், கலிபோர்னியா, மாட்ரிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024ல் சோதித்தபோது, எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தையும் ஏசிஆர் கவனிப்பது தெரிந்தது. அமைப்புகளில் போய் அணைத்தபோது நின்றது. ஏசிஆர் ஒப்பிடுவது சர்வரில் என்பதால், ஸ்டிக் மாட்டுகிறவர்கள் டிவியின் வைஃபையையே துண்டித்துவிடலாம். ஸ்டிக்குக்குத் தனி வைஃபை இருக்கிறது, படம் தடையின்றி ஓடும்.

• அதற்காக ஸ்டிக் கம்பெனிகள் சாமியார்கள் என்று அர்த்தமில்லை. ரோக்கு சமீப ஆண்டுகளில் கருவிகளை நஷ்டத்துக்கே விற்றது. வருமானம் வருவது விளம்பரத்திலும் சந்தாப் பங்கிலும்.

• இந்தியாவில் பொருந்தும் சட்டம்: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. விதிகள் அறிவிக்கப்பட்டது 2025 நவம்பரில்.

இந்தியப் போட்டி ஆணையமும் ஆண்ட்ராய்டு டிவியும்

இந்தத் தலைப்பில் தேர்வுக்கு அதிகம் மதிப்புள்ள பகுதி இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள். இந்திய டிவி கம்பெனி ஒன்று ஆண்ட்ராய்டு டிவி செய்ய நினைத்தால், பிளே ஸ்டோர் மட்டும் தனியாகக் கிடைக்காது என்ற நிலை இருந்தது. கூகுள் செயலிகள் எல்லாவற்றையும் மூட்டையாக ஏற்க வேண்டியிருந்தது. கூகுள் அங்கீகரிக்காத ஆண்ட்ராய்டு வடிவத்தைத் தன் வேறு எந்தக் கருவியிலும் போடக்கூடாது என்ற ஒப்பந்தமும் இருந்தது. அரிசி வாங்க வந்தவரிடம் பருப்பு, புளி, மிளகாயும் எடுத்தால்தான் அரிசி என்பதைப் போல. புகாரின் மேல் 2021 ஜூனில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

2025 ஏப்ரலில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கூகுள் செலுத்த வேண்டிய தொகை 20.24 கோடி ரூபாய். இனி இந்தியாவில் விற்கும் ஆண்ட்ராய்டு ஸ்மார்ட் டிவிகளுக்குப் பிளே ஸ்டோரையும் பிளே சேவைகளையும் கட்டணம் பெற்றுக்கொண்டு தனியாகத் தர வேண்டும். போட்டிச் சட்டம் 2002ல், 2023ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த சமரச முறையில் முடிந்த முதல் வழக்கு இது. 'முதல்' என்ற சொல்லை அடிக்கோடிடவும்.

• ஜிஎஸ்டி: 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 விழுக்காடாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. 32 அங்குலமும் அதற்குக் கீழும் முன்பே 18தான்.

• ஓடிடி தளங்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் வந்தது 2020 நவம்பர். பிரசார் பாரதியின் ஓடிடி பெயர் வேவ்ஸ், தொடக்கம் 2024 நவம்பர் 20, கோவா.

மாட்டும்போது கவனிக்க

ஸ்டிக்கின் மின் வயரை டிவியின் யூஎஸ்பி போர்ட்டில் செருகினால் வயர் மறைந்து அழகாக இருக்கும். நானும் அப்படித்தான் செய்தேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டிக் தானாக அணைந்து, மறுபடி தொடங்கி, லோகோவைக் காட்டிக்கொண்டிருந்தது. காரணம் பள்ளி இயற்பியல். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர், பெருக்கினால் 2.5 வாட். ஸ்டிக்கோடு வந்த அடாப்டர் தருவது 5 வோல்ட், 1 ஆம்பியர், 5 வாட். பாதிச் சோறு போட்டு முழு வேலை வாங்கப் பார்த்திருக்கிறேன்.

• சுவரோடு ஒட்டி மாட்டிய டிவியில் ஸ்டிக் நேராக நுழையாது. பெட்டியோடு வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

• முழு எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் விநாடிக்கு 5 மெகாபிட், 4கேவுக்கு 15.

• பெயர் தெரியாத மலிவு 'ஆண்ட்ராய்டு பாக்ஸ்' வேண்டாம். 2024 செப்டம்பரில் வெளிவந்த தகவலின்படி வோய்டு என்ற தீநிரல் 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் பெட்டிகளுக்குள் புகுந்திருந்தது. 2025 ஜூனில் பேட்பாக்ஸ் 2.0 பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. கடையிலிருந்து வரும்போதே தீநிரலோடு வந்த பெட்டிகளும் அதில் உண்டு.

என் தீர்ப்பைக் கேட்டால்: புது டிவி வாங்குகிறவர்கள் காசைப் பேனலுக்குக் கொடுங்கள், உள்ளே இருக்கும் மென்பொருளை இலவச இணைப்பாக மட்டும் கருதுங்கள். அது நன்றாக ஓடும்வரை ஸ்டிக் தேவையில்லை. வட்டம் சுற்ற ஆரம்பித்த பிறகு வாங்கினால் போதும், அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள்.